கூடத்து மூலையில் ஈரம்

சுருட்டிய செய்தித்தாள் என் வலது கையில். இடது கை நாய்க்குட்டியின் பிடரியில். கூடத்து மூலையில் தேங்கியிருக்கும் ஈரத்துக்கு மிக அருகில் அதன் முகத்தைக் கொண்டுபோய் அழுத்துகிறேன். இது என்ன, இது என்ன என்று வகுப்பறைக் குரலில் கேட்கிறேன். பிறகு முதுகில் இரண்டு அடி.

குட்டி கத்தவில்லை. ஆரம்பத்தில் கத்தும். நாளாக நாளாகக் கத்துவதை விட்டுவிட்டிருந்தது. காதுகளை ஒட்ட மடித்துக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருக்கும்.

நாலடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் என் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார். பேப்பர் லேசாக ஆடுகிறது. ஃபேன் காற்றில் ஆடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டதாக ஞாபகம். வெகுநாள் கழித்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்தத் தென்னூர் வீட்டில் அப்போது ஃபேனே கிடையாது.

இத்தனை வாரங்களாக என் பள்ளிக்கூடங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் சிலர், நீங்கள் ரொம்பக் கண்டிப்பான டீச்சராக இருந்திருப்பீர்கள் போலிருக்கிறதே என்று கடிதம் போட்டிருந்தார்கள். பாராட்டாகத்தான் எழுதியிருந்தார்கள். அவற்றைப் படித்த நாளிலிருந்து இந்தக் குட்டி என் காலையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தை இந்த வாரம் ஓரமாக வைத்துவிட்டு அதை எழுதிவிடுகிறேன்.

டோனி மணியான கதை

அறுபதுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் இருக்கும். என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தென்னூரில் ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பின்னால் கிணற்றடி, கொல்லையின் கடைசிக் கோடியில் கக்கூஸ். வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய அப்பா. மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதுகூடச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். கஞ்சி போட்ட வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. குளித்துவிட்டு வரும்போது அவர் நடந்த வழியில் ஈரக் கால்தடம்கூட இருக்காது, வாசற்படியிலேயே சாக்கில் நின்று துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஈஸ்டர் முடிந்து சில நாளில் என் கணவர் ஒரு பிரப்பங்கூடையோடு வந்தார். பொன்மலை காலனியில் டாரத்தி என்று ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள். அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்று அது. காப்பி நிறம், நெற்றியில் மட்டும் விபூதிக் கீற்று மாதிரி வெள்ளை. கத்தோலிக்க வீட்டுக்கு வந்த நாய்க்கு இப்படி ஒரு நெற்றியா என்று கணவர் சிரித்தார்.

அவர்கள் வைத்திருந்த பெயர் டோனி. அது அந்தோணியின் சுருக்கம் என்று தெரிந்ததும் மாமா பேப்பரை மடித்து வைத்தார். "எங்கப்பா பேர் அது. எங்கப்பாவை வாடா போடான்னு கூப்பிட விட மாட்டேன்" என்றார். அன்று சாயங்காலமே அது மணி ஆயிற்று.

பெயரை மாற்றியவர்தான் அதற்கு முதலில் சிநேகிதரும் ஆனார். மாலையில் நாங்கள் ஜெபமாலை சொல்ல முழந்தாளிடும்போது, குட்டி வந்து அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தூங்கிவிடும். ஐம்பத்து மூன்று மணியும் முடியும்வரை அவர் காலை அசைக்க மாட்டார்.

டாரத்தி அம்மாள் சொன்னது

அந்த அம்மாள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை குட்டியைப் பார்க்க வந்தார். நாய்க்குட்டியை எப்படிப் பழக்க வேண்டும் என்று எனக்கு உட்கார்ந்து விளக்கினார். தூங்கி எழுந்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போ. பால் குடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போ. தினமும் ஒரே இடத்துக்குப் போ, அந்த மண்ணின் வாசனை அதற்குப் பழகட்டும். சரியான இடத்தில் போனால் தட்டிக்கொடு. உள்ளே போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடு, வினிகர் இருந்தால் அதை ஊற்றித் துடை, வாடை இருந்தால் மறுபடி அங்கேதான் வரும்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஒன்று சொன்னார். "அடிக்க மட்டும் அடிக்காதேம்மா. அடிச்சா அது எங்க போகணும்னு கத்துக்காது. உன்னைப் பார்த்தா பயப்படணும்னுதான் கத்துக்கும்."

நான் தலையாட்டினேன். மனசுக்குள், நாலு வருஷம் டீச்சராக இருக்கிறேன், எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

மே மாதம்

பள்ளிக்கூடம் லீவு. முழுநாளும் வீட்டில் இருந்தேன். டாரத்தி அம்மாள் சொன்னபடியே செய்தேன். விடிந்ததும் மணியைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் முருங்கை மரத்தடிக்குப் போவேன். ராத்திரி உதிர்ந்த பூ காலடியில் பிசுபிசுக்கும். அது மூன்று சுற்றுச் சுற்றும், முகர்ந்து பார்க்கும், திடீரென்று கவலையான முகத்தோடு உட்காரும். முடிந்ததும் ஏதோ பரிசு வாங்கியதுபோல என்னை நோக்கி ஓடி வரும்.

முதல் நாலைந்து நாள் வீட்டுக்குள் அங்கங்கே போயிற்று. துடைத்தேன். ஒரு வாரம் ஆனதும் அதுவே பின்கதவுக்குப் போய் நகத்தால் பிராண்டத் தொடங்கியது. கதவைத் திறந்தால் நேரே முருங்கை மரம். கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். என் வகுப்பில் மணிதான் முதல் மாணவன் என்றேன்.

ஜூனில் மறுபடியும்

பள்ளிக்கூடம் திறந்தது. காலை எட்டு மணிக்குப் பஸ் பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனால், வீடு திரும்ப ஐந்தாகிவிடும். கணவர் இன்னும் சீக்கிரம் கிளம்பி இன்னும் தாமதமாக வருவார். பகல் முழுக்க வீட்டில் மாமாவும் மணியும்தான்.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் ஒரு வாடை. கூடத்தில், பின்கதவுக்குப் போகும் வழியில், மூலையில் ஈரம். மணி என் சேலையைப் பிடித்து இழுத்து விளையாடியது.

பின்கதவு சாத்தியிருந்ததா மாமா என்று கேட்டேன். திறந்துதான் இருந்தது என்றார். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

மறுநாள் இல்லை. அதற்கு மறுநாள் இருந்தது. பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். எப்போதும் அதே இடத்தில், இல்லாவிட்டால் அதற்கு ஓரடி தள்ளி. சில நாள் யாரோ துடைக்கப் பார்த்ததுபோலத் தரையில் கோடுகோடாக இருக்கும். குட்டி அதன் மேல் புரண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

முன்பாதி வீட்டில் குடியிருந்த அம்மாள், மூக்கைப் பிடித்து அதிலேயே ஒரு தேய் தேய்த்தால் ஜன்மத்துக்கும் மறக்காது என்றார். டாரத்தி அம்மாள் சொன்னது மறந்து, இது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

மணி ஒவ்வொரு தடவையும் புரியாமல் பார்க்கும். அடி வாங்கிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து மாமா எழுந்து போய், கட்டிலருகே குனிய முடியாமல் குனிந்து, காப்பியில் தோய்த்த ரொட்டித் துண்டை நீட்டுவார். "நீங்க இப்படிச் செல்லம் கொடுத்தா அது எப்படி மாமா கத்துக்கும்?" என்று ஒருநாள் அவரிடமும் கடிந்துகொண்டேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

என் கணவர் ஒருமுறை அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, இத்தனூண்டு குட்டிக்கு இவ்வளவு வருமா என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்கே நான் அதை யோசித்திருக்க வேண்டும். நானோ, தண்ணீர் நிறையக் குடிக்கிறது என்று பதில் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போது மணியின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனேன்.

ஒரு சனிக்கிழமை துணி துவைக்கப் போனபோது, துவைகல்லின் பள்ளத்தில் நின்ற சோப்புத் தண்ணீரை மணி நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன். இதை எழுதும்போது எனக்கே தொண்டை உலர்கிறது.

பத்மா

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே வருஷம் என் வகுப்பில் பத்மா என்று ஒரு குழந்தை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் வீடு. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். பாடம் நடக்கும்போது வெளியே போகக் கூடாது என்பது என் சட்டம். ஒருநாள் மூன்று தடவை உட்காரச் சொன்னேன். நாலாவது தடவை அவள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளையே துணி எடுத்துவந்து துடைக்கச் சொன்னேன்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். சண்டை போட வரவில்லை. கைகூப்பிக்கொண்டு, "பெருமாள் புண்ணியத்துல நன்னாப் படிக்கறா. உங்களைக் கண்டா மட்டும் ரொம்ப பயப்படறா, கொஞ்சம் பார்த்துக்கோங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்டிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று அதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஃபாதர் வந்த மாலை

ஆடி மாதம். காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. மாமா கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி, அவ்வளவு நேரம் முட்டி போட முடியவில்லை என்றார். இருபது வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறாதவர். அவர் வராததைக் கவனித்துப் பங்குச் சாமியாரே ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஃபாதர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவர் ஃபாதரின் காலைத் தொட்டுக் கும்பிடப் போக, ஃபாதர் வேண்டாம் என்று ஒதுங்க, பாதம் அந்த மூலையின் ஈரத்தில் பட்டது. அவர் கீழே பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

ஃபாதர் சிரித்துக்கொண்டே கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு வந்து, வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. இனி இந்த நாய் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அவருடைய ஒர்க்‌ஷாப் நண்பரின் அக்கா செல்லம்மா சமயபுரத்தில் தேங்காய் பழக்கடை வைத்திருந்தார். ஆடுமாடுகள் வந்து வாழைப்பழத்தை இழுத்துவிடுகின்றன, ஒரு நாய் இருந்தால் தேவலை என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் மாமாவைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "உங்க இஷ்டம்மா" என்றார்.

மறுநாள் காலை கணவர் மணியை ஒரு துணிப்பையில் போட்டுச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். பையிலிருந்து தலை மட்டும் வெளியே தெரிந்தது. தெருமுனைவரை அது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. மாமா அன்று மதியம் சாப்பிடவில்லை. வாயில்லாப் பிராணியின் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன்.

அரைநாள்

நாலைந்து நாள் ஆகியிருக்கும். பள்ளியின் பழைய ஆசிரியை ஒருவர் இறந்துபோனதால் மத்தியானத்தோடு பள்ளியை மூடிவிட்டார்கள். ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன்.

மாமா கூடத்து மூலையில் முழந்தாளிட்டிருந்தார். மேலே சட்டை இருந்தது. இடுப்பில் துண்டு. வேட்டி பக்கத்தில் பந்தாகச் சுருண்டு கிடந்தது. அதன் உலர்ந்த நுனியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை வேகமாகப் போயிற்று, சிமெண்டுத் தரையில் கோடுகோடாக ஈரம் பரவிற்று.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் போய்க் கைகொடுத்திருக்க வேண்டும். நான் நகரவில்லை.

"கொல்லைக்குப் போறதுக்குள்ள வந்துடுதும்மா" என்றார். "அடக்கத்தான் பார்க்கிறேன். முடியலை."

எனக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது. "அப்ப மணி?"

"முதல் ஒரு வாரம், நீ வீட்ல இருந்தப்போ பண்ணினதுதான் அது. அதுக்கப்புறம் அது உள்ள பண்ணலை."

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவை கூட இல்லை. அவசரம்னா கதவைப் போய்ப் பிராண்டும். நான்தான் திறந்துவிடுவேன். அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலைம்மா."

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எத்தனையோ விதமாகப் பின்னால் யோசித்திருக்கிறேன். நான் சொன்னது இதுதான்: "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" சொன்ன குரல் பத்மாவிடம் பேசிய குரல். என் காதிலேயே அது விழுந்தது. மாமாவின் தோள்கள் குறுகின. காதை மடித்துக்கொள்ள முடியாததால் மனிதர்கள் தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள்போலும்.

பிறகுதான் பையைக் கீழே வைத்தேன். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். வாளியில் தண்ணீரும் பினாயிலும் எடுத்துவந்து துடைத்தேன். வேட்டியை வாங்கிக் கிணற்றடியில் அலசிப் போட்டேன். கொஞ்ச நாளாகத் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும், இரண்டு வேளை குளித்ததும், பூசைக்கு வராமல் நின்றதும் அப்போதுதான் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன.

நான் உள்ளே வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவன்கிட்ட சொல்லிடாதேம்மா."

அவன் என்றது என் கணவரை. சொல்ல மாட்டேன் என்றேன்.

சமயபுரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் டீச்சரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். மணியைத் திரும்பக் கூட்டிவருவதுதான் என் எண்ணம். கணவரிடம், குட்டி இல்லாமல் மாமா சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று சொன்னால் சம்மதித்துவிடுவார். கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும்போது, இனி எப்படியெல்லாம் அதைக் கொஞ்ச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கோயில் தெருவில் செல்லம்மாவின் கடை எளிதாகக் கிடைத்தது. வேப்பிலையும் எலுமிச்சையும் தேங்காய்த் தண்ணீரும் கலந்த வாசனை. மணி கடைப் பலகைக்கடியில் ஈரச் சாக்கின் மேல் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தண்ணீர். பத்து நாளில் நன்றாகத் தேறியிருந்தது.

நான் யாரென்று சொன்னதும் செல்லம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "நல்லாப் பழக்கி அனுப்பியிருக்கீங்கம்மா" என்றார். "ஒரு நாள்கூடக் கடைக்குள்ள அசிங்கம் பண்ணினதில்லைங்க. ஒண்ணுக்கு வந்தா அந்தப் புளியமரத்தடிக்கு அதுவே போயிட்டு வந்துடுது."

நான் உட்கார்ந்து, மணி என்று கூப்பிட்டேன்.

அது தலையைத் தூக்கிற்று. என்னை அடையாளம் தெரிந்துகொண்டது. எழுந்து ஓடி வரும் என்று கையை நீட்டினேன். நீட்டிய என் கையைப் பார்த்ததும் காதுகள் ஒட்ட மடிந்தன. கண் மூடிற்று. அப்படியே தரையோடு தரையாகப் பம்மிற்று. அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஈரம் சாக்கைத் தாண்டி மண்ணில் பரவிற்று.

"அடடே, இது என்ன புதுசா" என்று செல்லம்மா விளக்குமாற்றை எடுத்தார். அடித்துவிடப் போகிறாரோ என்று பதறி, வேண்டாங்க, அதை ஒன்றும் செய்யாதீங்க என்று குறுக்கே கையை வைத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். மண்ணைத் தள்ளத்தான் எடுத்தேன், வாயில்லா ஜீவனை யாராவது அடிப்பார்களா என்றார்.

கூட்டிவர வந்தேன் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். நாலெட்டு நடந்து திரும்பிப் பார்த்தபோது, செல்லம்மா குனிந்து அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அது இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டு பேர்

வீட்டுக்கு வந்தபோது கணவர் வெளியே போயிருந்தார். மாமா எனக்காகவே காத்திருந்ததுபோல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எங்கே போனேன் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

வரலியா என்று கேட்டார்.

நல்லாயிருக்கான், அங்கேயே இருக்கட்டும் மாமா என்றேன். உன்னைத் தெரிந்ததா என்றார். பொய் சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும், "அடிச்சது நான்தானே மாமா" என்றேன்.

அவர் அந்த மூலையைப் பார்த்தார். பிறகு, "நாலடியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தது யாரு?" என்றார். "ஒவ்வொரு தடவையும் இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் நினைப்பேன். நீ பேப்பரைச் சுருட்டினதும் வாய் அடைச்சுப் போயிடும். முப்பது வருஷம் கோர்ட்ல இருந்தேன். என்னைக் காப்பாத்திக்க ஒரு நாய்க்குட்டியை மாட்டிவிட்டேன்."

அந்தச் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது, பாவங்களை மன்னிக்கக் கேட்கும் இடத்தில் இருவர் குரலும் ஒருசேரத் தாழ்ந்துபோனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். வயதான ஆண்களுக்குச் சகஜமாக வருவதுதான், இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சின்ன ஆபரேஷன் நடந்தது. நீர் அடைப்பு என்று மட்டும் கணவருக்குச் சொன்னோம், கூடத்து மூலையைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்கப்புறம் மாமா ஆறேழு வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி எங்களோடு பூசைக்கு வந்தார். நாற்காலியருகே நான் ஒரு மண் சட்டியை வைத்து, மரப்பலகையால் மூடி, அது யாருக்கென்று யாரும் பேசாதபடி பார்த்துக்கொண்டேன். அவசரத்துக்கு அது இருக்கிறது என்ற தைரியமே அவருக்குப் போதுமாயிருந்தது.

அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் நான் ஒரு புதுச் சட்டம் போட்டேன். ஒற்றை விரலைத் தூக்கினால் கேட்க வேண்டாம், எழுந்து போய்விட்டு வரலாம். ஆனால் பத்மா அதற்குள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள். வராந்தாவில் என்னைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கமாகப் போவாள்.

மணியை நான் மறுபடி போய்ப் பார்க்கவில்லை. ஆடி வெள்ளிகளில் சமயபுரம் வழியாகப் பஸ்ஸில் போனதுண்டு. இறங்கியதில்லை. கணவரின் நண்பர் மூலமாக மட்டும் அவ்வப்போது சேதி வரும். நன்றாக வளர்ந்துவிட்டது, கடைப்பக்கம் ஒரு மாடு வராது என்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதை

பிற்பாடு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். நாய் வளர்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் என் கணவர் மணியின் கதையை எடுத்துவிடுவார். நன்றாக நடித்துக்காட்டுவார். ஃபாதர் வந்து நின்றதையும், காலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நொண்டிப் போனதையும் செய்து காட்டுவார். கடைசியில், "உங்கம்மா ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தா. அந்த மணிகிட்டதான் தோத்துட்டா. கடைசிவரைக்கும் அவனுக்கு ஒண்ணுக்கு எங்க போகணும்னு தெரியவே இல்லை" என்பார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா இருந்தவரைக்கும், இந்தக் கதை தொடங்கினால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். நான் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பேன். வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்ற நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குட்டியின் பெயரைச் சந்தி சிரிக்க விட்டேன்.

என் கணவரும் இப்போது இல்லை. மாமா யாரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டாரோ அவருக்கு இனி இது போய்ச் சேராது. என் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவார்கள். அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மணி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான்.